மேட்ட விட்டு எறங்குன கதை: ஸ்காட்லாந்து இங்கிலாந்து சண்டைகள்

தம்பி ஒருத்தர் கேட்டிருந்தார், "ஸ்காட்லாந்து இத்துனூண்டு நாடு, பக்கத்துலயே இங்கிலாந்து அவ்ளோ பெருசா இருக்கு, அப்பறம் எப்படி முந்நூறு வருஷம் சண்ட போட்டும் முழுசா முழுங்க முடியல? கடைசில யார் தான் ஜெயிச்சா? மூஞ்சில நீலச் சாயம் பூசிக்கிட்டு வர்ற அந்த பிரேவ்ஹார்ட் ஹாலிவுட் படத்துல காட்டுனதெல்லாம் நெஜமா?"னு. மூணு கேள்வியையும் சேத்தே சொல்லிடறேன், நீளமாத் தான் போகும், டீ போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க.

வேலைக்காக எடின்பரோல நாலு வருஷம் இருந்தேன். லீவு நாள்ல எல்லாரும் கோட்டை, விஸ்கி, ஏரின்னு கெளம்புவாங்க, நான் மட்டும் பழைய போர்க்களம் எங்க இருக்குன்னு தேடிப் போவேன். "ஊர்ல எல்லாரும் கோட்ட பாக்கப் போறாங்க, நீங்க சேத்தப் பாக்கப் போறீங்க"ன்னு வீட்டம்மா திட்டுவாங்க. அவங்க சொன்னது சரி தான். இந்த மொத்த வரலாறும் எனக்குப் புரிஞ்சதே சேத்துல கால் வச்சப்பறம் தான். ஸ்காட்லாந்துக்காரன் எங்க நிக்கணும்னு அவனே முடிவு பண்ணி, எதிரியச் சேத்துல மாட்ட வச்ச எடத்துல ஜெயிச்சான், அவனே நல்ல மேட்ட விட்டுட்டு எறங்கி வந்தப்பல்லாம் செத்தான். எல்லா சண்டைக்கும் இது பொருந்தாது, பொருந்தாத எடத்தையும் சொல்றேன்.

மொதல்ல எப்படி ஆரம்பிச்சுதுன்னு பாத்துடலாம். 1286 மார்ச் மாசம், ராஜா மூணாம் அலெக்ஸாண்டர், 44 வயசு, புதுசா கல்யாணம் ஆனவர், எடின்பரோல சபை முடிஞ்சதும் ராத்திரியே கிங்ஹார்ன்ல இருக்கற பொண்டாட்டியப் பாக்கணும்னு புயல்ல கெளம்பிட்டார், போகாதீங்கன்னு சொன்னவங்க பேச்சு எதையும் கேக்கல, படகுல கடல்கழிய தாண்டி குதிரைல போனவர் விடிஞ்சு பாத்தா கரையோரமா கழுத்து ஒடஞ்சு கெடக்கறார். பெத்த பிள்ளைங்க எல்லாம் ஏற்கனவே போய்ச் சேந்தாச்சு. மிச்சம் நார்வேல ஒரு பேத்தி, சின்னக் குழந்தை. அவள இங்கிலாந்து இளவரசனுக்குக் கட்டி வைக்கறதா பேசி முடிச்சு, 1290ல கப்பல்ல கூட்டிட்டு வரும்போது ஆர்க்னி தீவுல அந்தப் பொண்ணும் 7 வயசுல எறந்துடுச்சு. இப்ப சிம்மாசனத்துக்கு பங்காளிங்க டஜன் பேருக்கு மேல கெளம்பிட்டாங்க. சரி, பக்கத்து நாட்டுப் பெரிய மனுஷன், இங்கிலாந்து ராஜா மொதலாம் எட்வர்ட பஞ்சாயத்துக்குக் கூப்பிடலாம்னு போனாங்க. அங்க தான் வெனை. அவர் பண்ணித் தரேன்னுட்டு, மொதல்ல நான் தான் உங்க எல்லாருக்கும் மேல எஜமான்னு ஒத்துக்கிட்டு அப்பறம் பேசுங்கன்னுட்டார்.

1292ல ஜான் பேலியல்ங்கறவருக்குத் தீர்ப்பாச்சு. சட்டப்படி பாத்தா அது சரியான தீர்ப்பு தான், அத ஒத்துக்கணும். ஆனா அதுக்கப்பறம் எட்வர்ட் அவர ராஜாவா நடத்தவே இல்ல, கணக்குப்பிள்ள மாதிரி கூப்ட்டு கூப்ட்டு விசாரிச்சார், ஃப்ரான்ஸோட சண்ட, ஆள் அனுப்புன்னார். பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு 1295ல ஸ்காட்லாந்து ஃப்ரான்ஸோடயே ஒப்பந்தம் போட்டுது. 1296ல எட்வர்ட் பெரிக் ஊரப் புடிச்சு ஊர்ச் சனத்தையே வெட்டித் தள்ளினார், டன்பார்ல ஸ்காட் படைய ஒடச்சார், பேலியலோட சட்டைல இருந்த ராஜ சின்னத்தப் பிச்சு எறிஞ்சாங்க, அன்னைலேர்ந்து அந்தாளுக்கு வெத்துச் சட்டைன்னே பேரு. ராஜாக்கள் பட்டம் கட்டிக்கற ஸ்கோன் கல்லையும் லண்டனுக்குத் தூக்கிட்டுப் போய்ட்டாங்க, அது திரும்ப எடின்பரோ வந்தது 1996ல, சரியா 700 வருஷம் கழிச்சு.

சரி, கத முடிஞ்சுதுன்னு எட்வர்ட் நெனச்சார். அடுத்த வருஷமே தெக்க வில்லியம் வாலஸ், வடக்க ஆண்ட்ரூ மரே, ரெண்டு பேரும் எட்வர்டுக்கு எதிராக் கெளம்பிட்டாங்க. படத்துல மரே ஆளே இல்ல, எனக்கு அதுல தான் பெரிய வருத்தம், ஏன்னா ஸ்டர்லிங் சண்டை ரெண்டு பேரும் சேந்து நடத்தினது.

1297 செப்டம்பர் 11. ஃபோர்த் ஆறு, அதுக்கு மேல மரப்பாலம், ரெண்டு குதிரை தான் பக்கத்துப் பக்கத்துல போகலாம். தெக்கால இங்கிலீஷ் படை, வடக்கால பாலம் எறங்கினா சேத்து நெலம், அதுக்கு நடுவுல வரப்பு மாதிரி மேடாப் போட்ட ஒரு பாதை, பாதை முடியற எடத்துல ஏபி க்ரெய்க்ங்கற பாறை மேடு, அங்க ஸ்காட்காரங்க. விடியக்காலைல இங்கிலீஷ் ஆளுங்க கொஞ்சம் பேர் பாலத்தத் தாண்டிட்டாங்க, தாண்டுனவங்கள திரும்ப வரச் சொல்லிட்டாங்க, ஏன்னா தளபதி சர்ரே பிரபு இன்னும் தூங்கி எந்திரிக்கல! படத்துல வச்சிருந்தா ஓவர்னு நம்மளே சொல்லியிருப்போம். அப்பறம் இங்கிலாந்து பக்கம் சேந்துட்ட ஸ்காட் வீரர் ஒருத்தர், கொஞ்ச தூரத்துல ஆழமில்லாத எடம் இருக்கு, ஒரே நேரத்துல 60 பேர் எறங்கிக் கடக்கலாம், நான் சுத்திப் போய் பின்னாடி வரேன்னு சொல்லிப் பாத்தார். கஜானா அதிகாரி க்ரெஸ்ஸிங்ஹாம் விடல, ராஜா பணம் வீணாப் போகுது, சீக்கிரம் முடிங்கன்னு அவசரப்படுத்தினார். பாதிப் படை தாண்டற வரைக்கும் வாலஸும் மரேயும் அசையல. அப்பறம் ஒரே ஓட்டமா வந்து பாலத்தோட முனைய அடச்சுட்டாங்க. தாண்டுனவன் திரும்பவும் முடியல, தாண்டாதவன் வரவும் முடியல, குதிரைங்க சேத்துல சிக்கி நிக்குது. அவசரப்படுத்தின க்ரெஸ்ஸிங்ஹாமும் செத்தார், அந்தாள் தோல உரிச்சு வாலஸ் வாள் வாருக்குப் போட்டுக்கிட்டார்னு இங்கிலாந்துப் பக்கத்து மடத்துக் குறிப்புல எழுதி வச்சிருக்காங்க.

இப்ப படம். ஸ்டர்லிங் பாலம் சண்டைல பாலத்தையே காட்டல, வெட்டவெளில ஓடி வந்து மோதிக்கறாங்க. இது எப்படின்னா ஜல்லிக்கட்டக் காட்டிட்டு மாட்டக் காட்டாம விட்ட மாதிரி. நீலச் சாயம் வாலஸுக்கு ஆயிரம் வருஷத்துக்கு முந்தின சமாச்சாரம், அந்தப் பாவாடை மாதிரி கில்ட் முந்நூறு வருஷம் பின்னாடி வந்தது. இளவரசி இஸபெல்லாவோட காதல்னு காட்டறாங்களே, வாலஸ் 1305ல சாகும்போது அந்தப் பொண்ணு ஃப்ரான்ஸ்ல பத்து வயசுப் புள்ள. வாலஸ் ஏழைக் குடியானவனும் இல்ல, சின்ன அளவுல நெலபுலம் இருந்த குடும்பம். ஜெயிச்ச கையோட அவரும் மரேயும் சேந்து ஜெர்மனிப் பக்கம் லூபெக், ஹாம்பர்க் வியாபாரிகளுக்கு லெட்டர் போட்டாங்க, எங்க துறைமுகம் இப்ப எங்க கைல, தைரியமா சரக்கோட வாங்கன்னு. சண்ட முடிஞ்ச ஒரே மாசத்துல! அந்த லெட்டர் ஒண்ணு தான் எனக்கு வாலஸ நெஜ மனுஷனாக் காட்டுது. மரே கொஞ்ச நாள்ல சண்டைல பட்ட காயத்துலயே போய்ச் சேந்தார்.

அடுத்த வருஷம் 1298 ஃபால்கிர்க். என் கணக்கு பொருந்தாத எடம் இது. வாலஸ் அங்கயும் முன்னாடி சேறு இருக்கற மாதிரி நல்ல எடமாத் தான் நின்னார். நீள ஈட்டிய வெளிப்பக்கம் நீட்டிக்கிட்டு வட்டமா நிக்கற அணி, ஷில்ட்ரான்னு பேரு, முள்ளம்பன்றி சுருண்டுக்கிட்ட மாதிரி, குதிரைப்படையால கிட்ட வர முடியல. ஆனா எட்வர்ட் நீள வில்லுக்காரங்கள கொண்டாந்து தூரத்துலேர்ந்தே அடிச்சார். சொந்தக் குதிரைப்படையோ ஓடிப்போச்சு. நின்ன எடத்துலயே நின்னு அம்பு வாங்கிச் சரிஞ்சாங்க. அதனால நல்ல எடம் மட்டும் போதாது, அசையவும் தெரியணும்ங்கற பாடம் இங்க கெடச்சுது. அதக் கத்துக்கிட்டவர் ராபர்ட் ப்ரூஸ்.

ப்ரூஸ் உத்தமர் கிடையாது, மொதல்லயே சொல்லிடறேன். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பல தடவ தாவினவர். 1306 பிப்ரவரில டம்ஃப்ரீஸ் சர்ச்சுக்குள்ளயே சிம்மாசனப் போட்டியாளர் ஜான் காமின குத்திட்டு, ஆறு வாரத்துல ஸ்கோன்ல பட்டம் கட்டிக்கிட்டார். உடனே தோல்வி மேல தோல்வி. தம்பிங்க மூணு பேர தூக்குல போட்டாங்க, பொண்டாட்டி, பொண்ணு கைது. அவருக்குப் பட்டம் சூட்டின பக்கன் சீமாட்டி இஸபெல்லாவ பெரிக் கோட்டைல கூண்டு செஞ்சு அதுக்குள்ள வச்சாங்க, கிட்டத்தட்ட நாலு வருஷம். 1307ல எட்வர்ட் எல்லைக்குப் பக்கத்துலயே செத்தது தான் ப்ரூஸுக்கு அதிர்ஷ்டம். அதுக்கப்பறம் கொரில்லா சண்டை, கோட்டை கோட்டையாப் புடிக்கறது, புடிச்ச கோட்டைய அவரே இடிச்சுப் போடறது, ஏன்னா கோட்டை இருந்தா திரும்ப இங்கிலீஷ்காரன் தான் வந்து உக்காருவான். 1314ல ராக்ஸ்பரோ கோட்டையப் புடிக்க ஆளுங்க ராத்திரில போர்வையப் போத்திக்கிட்டு மாடு மாதிரி தவழ்ந்து போனாங்களாம். எடின்பரோ கோட்டைக்குப் பாறை மேல ரகசியமா ஏறற வழியக் காட்டினவன், முன்னாடி அந்தக் கோட்டைல வேல பாத்துக்கிட்டு ராத்திரி கீழ ஒரு பொண்ணப் பாக்க எறங்கி எறங்கி வழி பழகினவன். அந்தப் பாறைய நான் தெனமும் பஸ்லேர்ந்து பாத்திருக்கேன், காதல் கண்ண மறைக்கும்னு சொல்றது நெஜம் தான்.

கடைசில ஸ்டர்லிங் கோட்டை மட்டும் பாக்கி. 1314 ஜூன் 24க்குள்ள உதவிப் படை வரலைன்னா கோட்டையக் குடுத்துடறேன்னு இங்கிலீஷ் தளபதியோட ஒப்பந்தம். ப்ரூஸோட தம்பி போட்ட ஒப்பந்தம் அது, ப்ரூஸுக்கு செம கோவம், ஏன்னா இத்தன நாளா தவிர்த்துட்டு வந்த நேரடிச் சண்டைக்கு இப்ப தேதியே குறிச்சாச்சு. செத்துப்போன எட்வர்டோட மகன் ரெண்டாம் எட்வர்ட் தன் படையோட வந்தார், ஸ்காட் படைய மாதிரி ரெண்டு மடங்குக்கு மேல. அதான் பானக்பர்ன்.

மொத நாள், பாதை ஓரமா சின்னச் சின்னக் குழி வெட்டி மூடி வச்சிருந்தார் ப்ரூஸ். ஹென்றி டி போஹுன்னு ஒரு இளம் வீரன், ராஜா தனியா சின்னக் குதிரைல நிக்கறார்னு பாத்துட்டு ஈட்டியோட பாய்ஞ்சான். ப்ரூஸ் கடைசி நொடில குதிரைய ஒதுக்கி, அங்கவடில எந்திரிச்சு நின்னு கோடாலிய தலைல எறக்கினார், தலைக்கவசத்தோட மண்டை பொளந்துச்சு, கோடாலிக் காம்பும் ஒடஞ்சுது. கூட இருந்தவங்க ராஜா இப்படி ரிஸ்க் எடுக்கலாமான்னு திட்டினா, நல்ல கோடாலி போச்சேன்னு மட்டும் சொன்னாராம்.

அன்னிக்கு ராத்திரி இங்கிலீஷ் படை தங்கின எடம் தான் விஷயம். ரெண்டு ஓடைக்கு நடுவுல தாழ்வான ஈர நெலம். குதிரைய ஓடை தாண்ட வைக்க பக்கத்து ஊர் வீடுகள்ல கதவையும் ஜன்னல் பலகையையும் கழட்டிக்கிட்டு வந்து பாலம் மாதிரி போட்டாங்க. காலைல பாத்தா ஸ்காட்காரங்க காட்ட விட்டு வெளில வந்து எதிர நிக்கறாங்க. ஆமா, இங்க அவங்க எறங்கித் தான் வந்தாங்க! ஆனா எதிரி எங்க நிக்கறான்னு தெரிஞ்சு, அவன் திரும்பக்கூட எடமில்லாத மூலைல இருக்கும்போது எறங்கினாங்க. மண்டி போட்டுக் கும்பிட்டாங்க. எட்வர்ட், மன்னிப்புக் கேக்கறாங்க பாருன்னாராம். பக்கத்துல இருந்தவர், ஆமா ராஜா, ஆனா உங்க கிட்ட இல்ல, கடவுள் கிட்டன்னாராம். இந்தத் தடவ முள்ளம்பன்றி நிக்கல, நடந்து வந்துச்சு. வில்லுக்காரங்கள சின்னக் குதிரைப்படை கலைச்சு விட்டுருச்சு. அவ்ளோ பெரிய இங்கிலீஷ் படை பஸ் ஸ்டாண்ட் கூட்டம் மாதிரி ஒருத்தன் மேல ஒருத்தன், முன்னாடி நிக்கறவன் மட்டும் தான் சண்டை போட முடியுது. பின்னாடி ஓடை. ஓடை பொணத்தால ரொம்பி, அது மேலயே ஏறிக் கடந்தாங்கன்னு எழுதியிருக்காங்க. எட்வர்ட் தப்பிச்சு டன்பார் போய்க் கடல் வழியா ஓடினார். புடிபட்ட ஹியர்ஃபோர்டு பிரபுவக் குடுத்துத் தான் ப்ரூஸ் எட்டு வருஷமா சிறைல இருந்த தன் குடும்பத்த மீட்டார். ஒரு சின்னத் தமாஷ், ஜெயிச்சதும் பாட்டு எழுதணும்னு எட்வர்ட் கூடவே பாஸ்டன்னு ஒரு துறவிக் கவிஞரக் கூட்டிட்டு வந்திருந்தார், அவரும் மாட்டிக்கிட்டார். விடுதலை வேணும்னா எங்க வெற்றியப் பாடுன்னுட்டாங்க, பாடினார்.

1328ல இங்கிலாந்து ஒப்பந்தத்துல ஸ்காட்லாந்து தனி நாடுன்னு ஒத்துக்கிச்சு, அடுத்த வருஷம் ப்ரூஸ் போய்ட்டார். அவர் சொல்லிட்டுப் போன புத்திமதின்னு ஒரு பழைய ஸ்காட் செய்யுள் இருக்கு: கால்நடையாவே சண்ட போடு, மலையும் சேறும் தான் உன் மதில், சமவெளில இருக்கறத நீயே எரிச்சுடு, எதிரி வந்தா சாப்பிட ஒண்ணும் கெடைக்கக் கூடாது, ராத்திரி தூங்க விடாத, தானாப் போய்டுவான். தம்பி, உங்க மொதக் கேள்விக்கு பதில் இது தான். இங்கிலாந்து எத்தன தடவ ஜெயிச்சாலும் அங்க வருஷம் பூரா படைய வச்சுச் சோறு போட முடியல. அது போக அவங்க கண்ணு எப்பவும் ஃப்ரான்ஸ் மேல தான், அங்க தான் துட்டு.

ஆனா அந்தப் புத்திமதிய வாரிசுங்க கேக்கல. 1333ல ஹாலிடன் ஹில், இந்தத் தடவ மேட்டுல இங்கிலீஷ்காரன், கீழ சேத்தத் தாண்டி மேல ஏறினது ஸ்காட் படை, அம்பு மழைல காலி. 1346ல ப்ரூஸோட மகன் டேவிட் நெவில்ஸ் கிராஸ்ல புடிபட்டார், புடிச்சவனோட ரெண்டு பல்லத் தட்டிட்டுத் தான் மாட்டினார், பதினோரு வருஷம் சிறை, மீட்க ஒரு லட்சம் மெர்க் (அந்தக் காலப் பணம்) பேரம். நடுவுல எத்தனையோ சண்டை, எல்லாத்தையும் சொன்னா விடிஞ்சிரும்.

எல்லையோர சனங்களப் பத்தி மட்டும் சொல்லிடறேன். பெரிக் ஊர் ரெண்டு நாட்டுக்கும் நடுவுல 13 தடவ கை மாறிச்சு, கடைசியா 1482ல இங்கிலாந்து கைக்குப் போச்சு. வருஷா வருஷம் படை வந்து வெள்ளாமைய எரிச்சா யார் வெதைப்பான்? மாடு திருடப் போய்ட்டாங்க, ரெண்டு பக்கமும். ரீவர்னு பேரு. ஆர்ம்ஸ்ட்ராங், எலியட், கிரகாம், நிக்சன்னு குடும்பம் குடும்பமா. மாட்டத் திருடாம இருக்கறதுக்கு மாமூல் வாங்குவாங்க, பிளாக்மெயில்ங்கற வார்த்தையே அந்த மாமூல்லேர்ந்து வந்தது தான். நெலாவுல கால் வச்ச நீல் ஆர்ம்ஸ்ட்ராங் 1972ல அந்தக் குடும்பத்து ஊரான லாங்ஹமுக்கு வந்து கவுரவ மரியாதை வாங்கிட்டுப் போனார். இந்த ஆளுங்களுக்கு நாடெல்லாம் ரெண்டாம்பட்சம், குடும்பம் தான் மொதல்ல.

இப்ப நான் நேர்ல நடந்து பாத்த எடம், ஃப்ளாடன்.

நாலாம் ஜேம்ஸ், ஸ்காட்லாந்துக்குக் கெடச்ச கெட்டிக்கார ராஜாக்கள்ல ஒருத்தர். பல மொழி தெரியும், பல் புடுங்கத் தெரியும் (நெஜமாத் தான், புடுங்கிட்டு அவரே காசும் குடுப்பார்). 1503ல இங்கிலாந்து ராஜா பொண்ணு மார்கரெட்டக் கட்டினார், நிரந்தர சமாதானம்னு அதுக்கு முந்தின வருஷமே ஒப்பந்தம். ஆனா மச்சான் எட்டாம் ஹென்றி 1513ல ஃப்ரான்ஸ் மேல படையெடுத்தார், பழைய நட்புக்காக ஜேம்ஸ் இந்தப் பக்கம் எல்லையத் தாண்டினார். கூட பெரிய பெரிய பீரங்கி, புது மாடல் ஈட்டி. பைக்னு அதுக்குப் பேரு, நம்ம வண்டி இல்ல, 18 அடி நீளம், சுவிஸ்காரங்க அத வச்சு ஐரோப்பாவையே கலக்கிட்டு இருந்தாங்க. ஃப்ளாடன் குன்று மேல நல்லா கோட்டை மாதிரி உக்காந்துட்டார்.

எதிர்ல சர்ரே பிரபு (ஸ்டர்லிங்ல தூங்கினவர் இல்ல, அதே பட்டத்துல பின்னாடி வந்த வேற ஆள்), 70 வயசு கெழவர், வாதநோய். கீழ வந்து சமவெளில நேர்மையாச் சண்ட போடுங்கன்னு தூது விட்டார், ஒரு பிரபு வந்து ராஜாவுக்கு எடம் சொல்றதான்னு ஜேம்ஸ் திருப்பி அனுப்பிட்டார். அது வரைக்கும் கரெக்ட். கெழவர் என்ன பண்ணார், மழைல படைய அப்படியே சுத்திக் கூட்டிட்டுப் போய் டில் ஆத்தத் தாண்டி ஜேம்ஸுக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவுல வந்து நின்னுட்டார். ஜேம்ஸ் அவசரமா ஒரு மைல் தள்ளி ப்ராங்ஸ்டன் குன்றுக்கு மாறினார், அதுவும் நல்ல மேடு தான். 1513 செப்டம்பர் 9, சாயங்காலம் நாலு மணி வாக்குல பீரங்கி ஆரம்பிச்சுது. ஸ்காட் பீரங்கி பெருசு, மேலேர்ந்து கீழ சுட்டா குண்டு தலைக்கு மேல போகுது, கைதேர்ந்த பீரங்கிக்காரங்க வேற கப்பல்படையோட போய்ட்டாங்க. இங்கிலீஷ் பீரங்கி சின்னது, பட்டு பட்டுன்னு சுடுது. ஸ்காட் படையோட இடது ஓரத்துல ஹியூம் பிரபு ஆளுங்க எறங்கி ஜெயிச்சுட்டாங்க. அதப் பாத்துட்டு ராஜாவும் எறங்கினார், அதுவும் மொத வரிசைல.

நான் போனது ஒரு அக்டோபர், நண்பர் கார்ல. கீழ மேட்டுல ஒரு கல் சிலுவை, "இரு நாட்டு வீரர்களுக்கும்"னு பொறிச்சிருக்கு. ஊர்ல ஒரு பழைய செவப்பு டெலிபோன் பூத்த மியூசியம் மாதிரி மாத்தி வச்சிருக்காங்க, ஒருத்தர் தான் உள்ள நிக்கலாம். அப்பறம் சுத்தி ஏறி ஸ்காட் பக்கம் குன்று மேல போய் நின்னு பாத்தேன். மேலேர்ந்து பாத்தா கீழ சரிவு, அந்தாண்ட சின்ன மேடு, அவ்ளோ தான் தெரியுது, நடுவுல ஒரு பள்ளம் இருக்கறதே சரியாத் தெரியல! எறங்கிப் போனா தான் அடில ஓடைத்தடம் வருது, இப்ப வாய்க்கால் வெட்டித் தண்ணிய வடிச்சு வெவசாயம் பண்றாங்க, அப்பவும் என் ஷூ கணுக்கால் வரைக்கும் போச்சு, இழுத்தா சப்புன்னு ஷூ உள்ளயே நிக்குது. 1513ல நாள் கணக்கா மழை. பிடிமானத்துக்காக ஸ்காட் ஆளுங்க செருப்பக் கழட்டிட்டு எறங்கினாங்கன்னு அப்பவே எழுதி வச்சிருக்காங்க. 18 அடி ஈட்டி வேல செய்யணும்னா எல்லாரும் ஒரே வரிசைல, ஒரே வேகத்துல, நிக்காம வரணும். சேத்துல கால் நின்னதும் வரிசை கலைஞ்சுது. இங்கிலீஷ்காரன் கைல பில்னு ஒரு ஆயுதம், எட்டடி, நம்மூரு ஆடு மேய்க்கறவங்க தொரட்டி மாதிரி முனைல கொக்கியும் வெட்டுக்கத்தியும். ஈட்டித் தலைய வெட்டி விட்டான், அப்பறம் ஸ்காட்காரன் கைல இருந்தது நீளக் குச்சி.

ஜேம்ஸ் சர்ரே பிரபு கிட்ட ஒரு ஈட்டி தூரம் வரைக்கும் போய்ட்டுத் தான் விழுந்தார். அவர் பெத்த மகன் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆர்ச்பிஷப், பிரபுக்கள், சர்ச் தலைவர்கள், ஆயிரக்கணக்குல சனம், எல்லாம் ரெண்டு மூணு மணி நேரத்துல. வீட்டுல ஹென்றிக்குப் பதிலா நாட்டப் பாத்துக்கிட்டிருந்த ராணி கேத்தரின், ஜேம்ஸோட ரத்தக்கறை படிஞ்ச சட்டைய ஃப்ரான்ஸ்ல இருக்கற புருஷனுக்குப் பார்சல் அனுப்பினா. பொணத்தையே அனுப்பணும்னு தான் அவளுக்கு ஆசை. போப் மதவிலக்கு பண்ணியிருந்ததால ஜேம்ஸ் உடம்ப அடக்கம் கூட ஒழுங்காப் பண்ணல. அவர் கட்டிக்கிட்ட மார்கரெட் வழில தான் கொள்ளுப்பேரன் ஆறாம் ஜேம்ஸ் 1603ல இங்கிலாந்து சிம்மாசனத்துலயும் உக்காந்தார். சண்டைல புடிக்க முடியாத நாட்ட ஒரு கல்யாணம் நூறு வருஷம் கழிச்சு புடிச்சுக் குடுத்துச்சு, ஸ்காட்லாந்து ராஜாவுக்கு இங்கிலாந்து!

அதுக்கு நடுவுல 1547ல பிங்கி. குழந்தை ராணி மேரிய எங்க இளவரசனுக்குக் கட்டிக் குடுன்னு இங்கிலாந்து படையோட பொண்ணு கேட்டு வந்துச்சு. ஸ்காட் படை எஸ்க் ஆத்துக்குப் பின்னாடி, ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் சேறு, அருமையான எடம். அத விட்டுட்டு ஆத்தத் தாண்டி வந்தாங்க, கடல்லேர்ந்து கப்பல் பீரங்கி அடிச்சுது, ஆயிரக்கணக்குல போய்ட்டாங்க. அந்தச் சண்டைல இங்கிலீஷ் பக்கம் இருந்து நேர்ல பாத்த ஒருத்தர் எழுதினத படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துச்சு: ரெண்டு பக்கத்து எல்லையோர ரீவர்களும் சண்டைக்கு நடுவுல ஈட்டி தூரத்துல நின்னு பேசிக்கிட்டு இருந்தாங்களாம், யாராவது பாக்கறாங்கன்னு தெரிஞ்சதும் சண்டை போடற மாதிரி ஓடிக்கிட்டாங்களாம், எந்த நாட்டுக்காரன்னு காட்டற துணிச் சிலுவையையும் காத்தடிச்சா பறக்கற மாதிரி லேசாத் தான் குத்தியிருந்தாங்களாம். மேரிய அடுத்த வருஷம் ஃப்ரான்ஸுக்கு அனுப்பிட்டாங்க, ஆக சண்டைல ஜெயிச்சும் பொண்ணு கெடைக்கல.

1650 டன்பார். இங்கிலாந்து தளபதி க்ராம்வெல் படை கடலுக்கும் மலைக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு, பாதிப் பேருக்கு சீக்கு. மேல டூன் ஹில்ல ஸ்காட் தளபதி டேவிட் லெஸ்லியோட படை, ரெண்டு மடங்கு கிட்ட. சும்மா உக்காந்திருந்தாலே போதும். எறங்கிட்டாங்க. மதகுருமாருங்க தான் நச்சரிச்சு எறக்கினாங்கன்னு சொல்றது உண்டு, பக்தி போதாதுன்னு அனுபவசாலிங்கள ஆயிரக்கணக்குல படையிலேர்ந்து தொரத்தினது அவங்க தான், அது நெஜம். ஆனா எனக்கு என்னமோ முக்கிய காரணம் வயிறுன்னு தான் படுது. மொட்டை மலை, மழை, குளிர், அங்க எத்தன நாள் ஒரு படையப் பட்டினி போட்டு வைக்கறது? பழைய காலத்துலயும் இதே கத தான், ஸ்காட் குடியானவன் சம்பளமில்லாம, சொந்தச் சோத்தக் கட்டிக்கிட்டு 40 நாளைக்கு வர்றவன், மூட்ட காலியாகறதுக்குள்ள சண்டைய முடிச்சாகணும். மேட்டுல காத்திருக்க தைரியத்த விட சோறு தான் முக்கியம். செப்டம்பர் 3 விடியறதுக்கு முன்னாடி க்ராம்வெல் அடிச்சார். 3,000 பேர் செத்தாங்க, 10,000 பேர் கைதுன்னு அவரே லெட்டர்ல எழுதினார். கைதிங்கள நடக்க வச்சே டர்ஹம் கதீட்ரல் வரைக்கும் கொண்டுபோய் உள்ள அடைச்சாங்க, பசியும் வயித்துப்போக்கும் கொன்னது தான் அதிகம். 2013ல அங்க பக்கத்துல கேஃபே கட்டத் தோண்டினப்ப எலும்புக்கூடு கெளம்பிச்சு, ஆராய்ஞ்சு பாத்தா அந்தப் பசங்க. நெறைய பேர் இருபது வயசு கூட ஆகாதவங்க.

கலோடன் பத்தியும் கேப்பீங்க. 1746 ஏப்ரல் 16. இத மட்டும் ஸ்காட் எதிர் இங்கிலீஷ்னு சொல்லாதீங்க. பதவி போன ஸ்டூவர்ட் ராஜ வம்சத்துக்கும் லண்டன் அரசாங்கத்துக்கும் நடந்த சண்டை அது, ரோம்ல பொறந்த இளவரசர் சார்லஸ் ஒரு பக்கம், எதிர்ல கம்பர்லண்ட் பிரபு படைல ஸ்காட் ரெஜிமெண்ட்டுங்களே இருந்துச்சு. ஆனா என் சேத்துக் கணக்கு இங்கயும் நிக்குது. சார்லஸோட தளபதி ஜார்ஜ் மரே தலைபாடா அடிச்சுக்கிட்டார், இந்தப் பொட்டல் நெலம் வேண்டாம், ஆத்துக்கு அந்தாண்ட மேடு பள்ளமான எடத்துக்குப் போலாம்னு. கேக்கல. முந்தின நாள் ஆளுக்கு ஒரு பிஸ்கட்டு, ராத்திரி பூரா நடந்து பாதில திரும்பினவங்க, காலைல ஈரப் பொட்டல்ல பீரங்கிக்கு முன்னாடி ஓடினாங்க. ஒரு மணி நேரம் கூட ஆகல, 1,500 பேர் கிட்ட சரிஞ்சாங்க. அரசாங்கப் பக்கம் செத்தது 50 பேர்.

அதுக்கப்பறம் ஹைலாண்ட் (ஸ்காட்லாந்தோட மலைநாடு) உடைக்குத் தடை, ஆயுதம் பறிமுதல், பெரிய குடும்பங்களோட நெலம் பறிமுதல். அப்படி நெலம் போனவங்கள்ல ஒருத்தர் ஜான் மெக்கென்ஸி, மெக்லியோட் பிரபு, அப்பாவோட சேந்து கலகத்துல எறங்கி கலோடனுக்கு முந்தின நாள் மாட்டினவர். மன்னிப்பு கெடச்சு, ஸ்வீடன் படைல வருஷக் கணக்கா இருந்துட்டு, 1777 வாக்குல திரும்பி வந்து லண்டன் ராஜாவுக்காக அதே ஹைலாண்ட் பசங்கள வச்சு ஒரு ரெஜிமெண்ட் கட்டினார். எந்த ராஜாவ எறக்கறதுக்கு வாளத் தூக்கினாரோ அவரோட பேரனுக்காக. அந்த ரெஜிமெண்ட் 1780ல வந்து எறங்கின எடம் நம்ம மெட்ராஸ். அந்த செப்டம்பர்லயே அதுல ஒரு பகுதி, பெய்லிங்கற இன்னொரு ஸ்காட்காரர் தலைமைல, காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூர்ல ஹைதர் அலிக்கும் திப்புவுக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. வெடிமருந்து வண்டி வெடிச்சு, உதவிக்கு வரவேண்டிய ஹெக்டர் மன்ரோ, அவரும் ஸ்காட் தான், வராம, பாதிக்கு மேல அங்கயே முடிஞ்சுது. மன்ரோ கைல இருந்த பெரிய பீரங்கிங்கள காஞ்சிபுரத்துல கோயில் கொளத்துல தள்ளிட்டு மெட்ராஸுக்குத் திரும்பிட்டார்.